மாம்பழப் பெட்டி அடியில் உட்காருகிறது: 5 பிளை போதாதா, 7 பிளைக்கு மாற வேண்டுமா?

சந்தூர்க்காரன்

வணக்கம். சந்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. பெங்களூராவை வழக்கம்போல் கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றிவிடுகிறோம். அல்போன்சா, பங்கனப்பள்ளி, இமாம் பசந்த் மட்டும் சில சீசனாக நேராக வீடுகளுக்கு அனுப்புகிறேன். 10 கிலோ அட்டைப்பெட்டி. பெரும்பாலும் சென்னைக்கு, கொஞ்சம் கோவைக்கு. எல்லாம் பார்சல் லாரியில்தான்.

பழத்தைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. பெட்டிதான் மானத்தை வாங்குகிறது. அடுக்கில் கீழே போன பெட்டிகள் நடுவில் பிதுங்கி, உயரம் குறைந்து, மேல் வரிசைப் பழம் நசுங்கிப் போய்ச் சேர்கின்றன. வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பார்சல் ஆபீஸில் கேட்டால் "பெட்டி வீக் சார்" என்று ஒரே பதில்.

வாங்குவது 5 பிளை. உள்ளூர் டீலர் ஒருவர் தருகிறார். பில்லில் "5 பிளை, 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப்" என்று போட்டிருக்கிறது. அவரிடம் சொன்னால் 7 பிளைக்கு மாறுங்கள் என்கிறார். அந்த விலைக்குப் பெட்டி வாங்கினால் எனக்கு மாங்கொட்டைதான் மிஞ்சும்.

இன்னொன்றும் புரியவில்லை. கூழ் ஃபேக்டரியில் டின் போடும் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். வெறும் 3 பிளை. 3.1 கிலோ டின் ஆறு, சரக்கு மட்டும் 18 கிலோவுக்கு மேல். ஆள் உயரம் தாண்டி அடுக்கியிருக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. என் 10 கிலோ பெட்டி 5 பிளையாக இருந்தும் ஏன் உட்காருகிறது? இந்த பிளை, ஜிஎஸ்எம், பிஎஃப் எல்லாம் என்ன, எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பெட்டியின் அளவு 38 × 28 × 18 செ.மீ.

ராயக்கோட்டை தக்காளி

பிளாஸ்டிக் கிரேட் போட்டு அனுப்புங்கள் நண்பா. நாங்கள் தக்காளிக்கு அதுதான். லாரியே கவிழ்ந்தாலும் கிரேட் உடையாது.

சந்தூர்க்காரன்

மண்டிக்கு மண்டி போனால் கிரேட் திரும்பி வரும் அண்ணா. மயிலாப்பூரில் மூன்றாவது மாடி வீட்டுக்குப் போன கிரேட்டை யார் திருப்பி அனுப்புவார்கள்?

பர்கூர் அட்டைக்காரி

தம்பி, 7 பிளை வேண்டாம். காசைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, காலிப் பெட்டி ஒன்றைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். இரண்டு, அதே பெட்டியின் பக்கச் சுவரில் கொஞ்சம் தண்ணீர் தடவி, ஊறியதும் வெளித்தாளை உரியுங்கள். உள்ளே நெளி தெரியும். அந்த நெளிக்கோடு மேலிருந்து கீழாக ஓடுகிறதா, படுக்கையாக ஓடுகிறதா என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அதற்குள் உங்கள் கேள்விக்கு வருகிறேன். பர்கூர் பக்கம் நாங்கள் சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். ஒரு சிங்கிள் ஃபேசர், ஒரு பேஸ்டிங் மெஷின், ரோட்டரி, ஸ்லாட்டர், ஸ்டிச்சிங். அவ்வளவுதான். நான் சொல்வது இந்தக் கைவேலை யூனிட் கணக்கு. பெரிய ஆட்டோமேட்டிக் பிளான்ட்டில் தாள் சுருளை, அதாவது ரீலை, ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் வெட்டிய ஷீட்டாக வந்து விழும், தத்துவம் ஒன்றுதான்.

முதலில் டின் விஷயம். அந்தப் பெட்டி பாரம் தாங்கவே இல்லை. டின் தாங்குகிறது. மேல் பெட்டியின் டின், கீழ்ப் பெட்டியின் டின் தலையில் உட்கார்ந்து பாரம் தரைக்கு இறங்குகிறது. அட்டைக்கு அங்கே ஆறு டின்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. அதற்கு 3 பிளை தாராளம். சோப்பு, பாட்டில், பருப்பு பாக்கெட் எதை எடுத்தாலும் பெட்டி செய்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே இருக்கும் சரக்கு பாரம் தாங்குமா, தாங்காதா? மாம்பழம் தாங்காது, தாங்கவும் விடக்கூடாது. அப்படியென்றால் மேலே அடுக்குகிற அத்தனை எடையும் உங்கள் பெட்டியின் நான்கு சுவரில்தான் இறங்க வேண்டும்.

இனி பிளை. பிளை என்றால் எத்தனை தாள் என்ற எண்ணிக்கை, அவ்வளவே. ஒரு தட்டைத் தாளும் ஒரு நெளித்தாளும் ஒட்டி வருவது 2 பிளை. சுருட்டி வைக்கலாம், கண்ணாடி, டியூப்லைட் சுற்றிக் கட்டுவார்களே, அது. அதன் முதுகில் இன்னொரு தட்டைத் தாள் ஒட்டினால் 3 பிளை. இரண்டு 2 பிளையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அதன்மேல் ஒரு தாள் போட்டால் 5. மூன்று 2 பிளையும் ஒரு தாளும் 7. தட்டைத் தாளை லைனர் என்போம். 5 பிளையில் லைனர் மூன்று, நெளி இரண்டு.

எங்கள் பட்டறையில் நடப்பதைச் சொன்னால் எளிதாகப் புரியும். சிங்கிள் ஃபேசரில் பல் வெட்டிய இரண்டு இரும்பு ரோலர் ஒன்றோடொன்று கடித்தபடி சுற்றும். உள்ளே ஹீட்டர் போட்டுச் சூடேற்றியிருப்போம். பெரிய இடங்களில் நீராவி. கிராஃப்ட் பேப்பர் என்கிற பழுப்புத் தாள் அதற்குள் போனதும் சூட்டில் இளகி, பல்லின் வடிவத்துக்கு நெளிந்து வெளியே வரும். நெளியின் முகட்டில் மட்டும் பசை தொட்டு, லைனரை அமுக்கினால் 2 பிளை தயார். அதை அளவாக வெட்டி, பேஸ்டிங் மெஷினில் முகட்டுக்குப் பசை ஏற்றி, மேல்தாளைக் கையால் வைத்து ஒட்டுவோம். ஒட்டியதை அடுக்கி மேலே பாரம் வைத்துக் காய விட வேண்டும். இப்படிக் காய விடுவதில்தான் நல்ல பெட்டிக்கும் கெட்ட பெட்டிக்கும் வித்தியாசம். சீசன் அவசரத்தில் ஈரம் போகும் முன்பே ரோட்டரியில் தள்ளினால் மடிப்புக்கோடு விழும் இடத்தில் நெளி அமுங்கி, பிறகு எழுந்திருக்கவே செய்யாது. காய்ந்தபின் ரோட்டரியில் ஓரம் வெட்டி மடிப்புக்கோடு போடுவோம், ஸ்லாட்டரில் மூடி மடல்களுக்கு வெட்டு, கடைசியாகத் தட்டைக் கம்பியால் பின் அடித்தால் பெட்டி.

நெளியிலும் உயரம் உண்டு. பிராட் ஃப்ளூட் என்று நாங்கள் சொல்கிற ஏ ஏறக்குறைய 4.7 மி.மீ. நேரோ ஃப்ளூட், அதாவது பி, இரண்டரையிலிருந்து 3 மி.மீ. சி இரண்டுக்கும் நடுவில். பீட்சா டப்பாவில் பார்க்கிற மெல்லிசு பெரும்பாலும் இ, ஒன்றரை மி.மீ. பக்கம். ஏ ஃப்ளூட் மெத்தையாக இருக்கும், நின்றால் நன்றாகத் தாங்கும். பி ஃப்ளூட் தட்டையாக அமுக்கினால் நசுங்காது, பிரிண்ட் சுத்தமாக விழும். அதனால்தான் 5 பிளையில் வெளியே பி, உள்ளே ஏ அல்லது சி வைப்பது வழக்கம். ஒரே ரோலர் வைத்திருக்கும் யூனிட்டில் இரண்டு நெளியும் ஒன்றாகவே வரும். அதிலும் ஓட்டலாம்.

நெளி என்பதால் தாள் கூடுதலாகச் செலவாகும். ஒரு மீட்டர் அட்டைக்கு ஏ ஃப்ளூட்டில் ஒன்றரை மீட்டர் தாள் போகும். பி என்றால் 1.35 மீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், உங்கள் தராசுக் கணக்குக்கு வேண்டும்.

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பிஎஃப் என்றால் பர்ஸ்ட் ஃபேக்டர். தாளை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்து ரப்பர் சவ்வை ஊதித் தள்ளி, எத்தனை அழுத்தத்தில் கிழிகிறது என்று பார்ப்பார்கள். ஜிஎஸ்எம்மை பிஎஃப்பால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த அழுத்தம் வரும். உங்கள் பில்லில் இருப்பது 150, 18. 2,700-ஐ ஆயிரத்தால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 2.7 கிலோ. ஒரு தாளுக்கு.

ஆனால் பர்ஸ்ட் என்பது கிழியாமல் இருப்பதற்கான அளவு. உள்ளிருந்து முட்டினாலோ வெளியே எதாவது குத்தினாலோ அது காப்பாற்றும். மேலே பாரம் வைத்தால் உட்காருமா என்பதற்கு அது நேரடி பதில் இல்லை. உங்கள் பெட்டி கிழியவில்லை, உட்காருகிறது. டீலர்கள் எல்லோரும் பிஎஃப் பேசுவார்கள், வாங்குகிறவர்களும் அதையே கேட்பார்கள். எனக்கு இதில் எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு.

ஓய்வு, தருமபுரி

அட்டைக்காரி அம்மா சொல்வதோடு ஒரு சின்னச் செய்தி. இந்த நெளித்தாள் பிறந்தது பெட்டிக்காகவே இல்லை. 1856-இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் உயரத் தொப்பிக்கு உள்பட்டையாக வைக்கக் காப்புரிமை வாங்கினார்கள். 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ், பாட்டில்களையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றி அனுப்ப நெளித்தாளைப் பயன்படுத்தினார். 1874-இல் ஆலிவர் லாங் அதற்குத் தட்டைத் தாள் ஒட்டினார். வெட்டும் மடிப்பும் ஒரே அழுத்தில் போடும் பெட்டி புரூக்ளினில் காகிதப் பை செய்துகொண்டிருந்த ராபர்ட் கெய்ரிடமிருந்து வந்தது. மடிப்புப் போட வேண்டிய இரும்புப் பட்டை இடம் மாறிப் பைகளை வெட்டிவிட்டதாம், நஷ்டத்தைப் பார்த்தவருக்கு யோசனை தட்டியது. எங்கள் காலத்தில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் மாம்பழம் மூங்கில் கூடையில் வைக்கோல் வைத்துத்தான் போனது.

சந்தூர்க்காரன்

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டையும் பார்த்துவிட்டேன்.

எடை 430 கிராம். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தது. நெளி படுக்கையாக ஓடுகிறது. வேறொரு கட்டிலிருந்து எடுத்த பெட்டியில் மேலிருந்து கீழாக இருக்கிறது! ஒரே டீலர், ஒரே பில். இது என்ன கணக்கு?

பர்கூர் அட்டைக்காரி

நினைத்தேன்.

நெளி நின்றபடி இருந்தால் ஒவ்வொரு நெளியும் ஒரு குட்டித் தூண். லைனரோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் சாயாது. மேலே வரும் பாரத்தை லைனர், நெளி எல்லாம் சேர்ந்து தாங்கும். நெளித்தாள் நீளம் கூடுதலாகச் செலவாகிறது என்றேனே, அந்தக் கூடுதல் தாளும் அப்போதுதான் வேலை செய்யும். அதே அட்டையைத் திருப்பி நெளியைப் படுக்க வைத்தால் நெளி மடிந்து கொடுத்துவிடும். லைனர்கள் மட்டும் தனியாக நிற்க வேண்டும். அவை மெல்லிசு, வளைந்துவிடும். உங்கள் பெட்டி நடுவில் பிதுங்கியதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றால், ரீல் அகலம். உங்கள் 38 × 28 × 18 பெட்டியை விரித்துப் போட்டால் ஷீட்டின் நீளம் நான்கு சுவரும், முதல் சுவரையும் கடைசிச் சுவரையும் இணைக்கும் ஒட்டு மடலும் சேர்த்து 136 செ.மீ. அகலம் என்பது பெட்டியின் அகலமும் உயரமும் சேர்ந்தது, 28 கூட்டல் 18, 46 செ.மீ. மெஷினில் நெளி எப்போதும் ரீலின் அகலவாக்கில்தான் விழும். எனவே ரீல் 46 செ.மீ. அல்லது இரண்டு பெட்டி ஒன்றாக வர 92-க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அது கையில் இல்லை, 137 செ.மீ. ரீல் ஒன்று மீந்து கிடக்கிறது என்று வையுங்கள். அதில் 46 செ.மீ.க்கு ஒன்றாக வெட்டினால் கழிவே இல்லாமல் பெட்டி வரும். அளவு சரியாக இருக்கும், எடை சரியாக இருக்கும், நெளி மட்டும் படுத்திருக்கும். வாங்குகிறவர் யாரும் உரித்துப் பார்ப்பதில்லை. ரீல் தட்டுப்பாடு வந்தால் இந்தக் கை எல்லோருக்கும் அரிக்கும், தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

இனி எடை. ஷீட் 1.36 மீட்டருக்கு 0.46 மீட்டர், அதாவது 0.626 சதுர மீட்டர். பில்படி எல்லாத் தாளும் 150 என்றால், மூன்று லைனருக்கு 450, பி நெளிக்கு 150 பெருக்கல் 1.35, அதாவது 202, ஏ நெளிக்கு 225. மொத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 877 கிராம். உங்கள் பெட்டிக்கு 549 கிராம். பசை எடை இதற்கு மேலே. 550-க்குக் குறைய வாய்ப்பே இல்லை. உங்களுக்கு வந்தது 430. பசையைக் கழித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் தாள் 110, 120 ஜிஎஸ்எம்மில் நிற்கிறது. சில பேர் மேல்தாள் ஒன்றை மட்டும் 150 போட்டுவிட்டு பில்லில் 150 என்று எழுதுவார்கள். "நான் பொய் சொல்லவில்லையே, மேல்தாள் 150தானே" என்பார்கள். அதனால் அடுத்த முறை ஐந்து தாளுக்கும் தனித்தனியாக ஜிஎஸ்எம், பிஎஃப் எழுதி வாங்குங்கள்.

பெட்டிக் கட்டை எங்கே வைக்கிறீர்கள்?

சந்தூர்க்காரன்

மோட்டார் கொட்டகையில்தான். வேறு இடம் இல்லை. ஓடு போட்டது, ஒழுகாது. தரையிலேயே அடுக்கியிருக்கிறோம். அதனால் ஏதும் ஆகுமா?

பர்கூர் அட்டைக்காரி

ஆகும். ஒழுக வேண்டியதில்லை. காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தையே குடிக்கும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் தொட்டால், சாதாரண நிலையில் தாங்கிய பாரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பெட்டி தாங்கும். கையில் தொட்டால் ஈரம் தெரியாது, ஆனால் அட்டை தொங்கல் கொடுக்கும். தரையில் வைத்தால் அடியிலிருந்தும் ஏறும். நான்கு கட்டை போட்டு அதன் மேல் வையுங்கள், சுவரை ஒட்டாமல்.

இன்னொன்று, பழமே மூச்சு விடும், ஈரம் விடும், சூடும் கிளம்பும். அதற்குக் காற்றுத் துளை வேண்டும். ஆனால் துளை எங்கே என்பது முக்கியம். பெட்டியின் பாரத்தில் பெரும்பங்கை மூலைகளை ஒட்டிய பகுதிதான் தாங்குகிறது. சுவரின் நடுப்பகுதி கொஞ்சம் வெளியே வளைந்து தப்பித்துக்கொள்ளும். அதனால் துளையைச் சுவரின் நடுவில் போடுங்கள், மூலைப் பக்கம் போகவே கூடாது. வட்டமோ, நின்றவாக்கில் நீள்வட்டமோ நல்லது. படுத்தவாக்கில் நீளமாக வெட்டினால் அத்தனை தூணையும் அறுத்த கணக்கு. சிலர் கைப்பிடித் துளை என்று பெரிதாக வெட்டுகிறார்கள். 10 கிலோவுக்கு அது வேண்டாம், அடியில் கை கொடுத்துத் தூக்கட்டும்.

பாலக்கோடு சேகோ

பசையைப் பற்றி யாரும் பேசவில்லை, நம் ஊர்ச் சரக்கு என்பதால் நான் வருகிறேன். நம் பக்கம் குச்சிக்கிழங்கிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச் ஜவ்வரிசிக்கு மட்டும் போவதில்லை, அட்டைப்பெட்டிப் பசைக்கும் போகிறது. மக்காச்சோள ஸ்டார்ச்சும் இதே வேலையைச் செய்யும், விலைக்குத் தகுந்தபடி மாறிக்கொள்வார்கள்.

சங்கதி என்னவென்றால், ஸ்டார்ச்சின் ஒரு பங்கை மட்டும் காஸ்டிக் சோடா சேர்த்துக் கஞ்சியாக்குவார்கள். மீதி மாவு பச்சையாகவே அதில் மிதக்கும். நெளியின் முகட்டில் தொட்டு, சூட்டில் லைனரை அமுக்கும்போதுதான் பச்சை மாவு வெந்து அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். காஸ்டிக் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே வேகும். போராக்ஸ் சேர்த்தால் பிசுபிசுப்பு கூடும். 1930-களில் வந்த முறை. அதற்கு முன்பு சோடியம் சிலிகேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காஸ்டிக் கூடிப்போனால் தாள் மஞ்சள் பழுப்பாகக் கறை அடிக்கும், பெட்டி நெளிக்கோட்டிலேயே வரிவரியாகத் தெரியும்.

ஸ்டார்ச் என்பதால் தண்ணீர் பட்டால் விட்டுவிடும். அக்கா உரிக்கச் சொன்னதும் உங்களுக்கு உரிந்ததும் அதனால்தான். மழையில் நனைந்த பெட்டி காய்ந்த பின் பார்க்க நன்றாக இருந்தாலும் அதில் பழம் போடாதீர்கள். உள்ளே ஒட்டு விட்டிருக்கும்.

ஓசூர் குவாலிட்டி

நான் ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். அட்டைக்காரி மேடம் சொன்னதை எண்ணில் போட்டுக் காட்டுகிறேன், 7 பிளை தேவையா என்பது தெரிந்துவிடும்.

எங்களிடம் சப்ளையர் தர வேண்டிய எண் பிஎஃப் இல்லை. இசிடி, அதாவது அட்டைத் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி ஓரத்தில் அமுக்கினால் எவ்வளவு தாங்குகிறது என்பது. அதிலிருந்து முழுப் பெட்டி தாங்கும் பாரத்தைக் கணிக்க 1963-இல் வந்த மெக்கீ சூத்திரம் இருக்கிறது: 5.87 பெருக்கல் இசிடி பெருக்கல், அட்டைத் தடிமனையும் பெட்டியின் சுற்றளவையும் பெருக்கியதன் வர்க்கமூலம். கவனியுங்கள், இதில் உயரமே இல்லை. சாதாரண உயரப் பெட்டிகளுக்கு அது பெரிதாக மாற்றுவதில்லை.

உங்கள் பெட்டியின் சுற்றளவு 1,320 மி.மீ. நல்ல 5 பிளைக்கு இசிடி மி.மீ.க்கு 6 நியூட்டன், தடிமன் 6.5 மி.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 3,260 நியூட்டன் வருகிறது, அதாவது 330 கிலோ. 3 பிளைக்கு இசிடி 4, தடிமன் 4 என்று வைத்தால் 174 கிலோ.

இப்போது லாரி. ஏழடி உயரம் அடுக்கினால் உங்கள் பெட்டி 11 வரும். அடிப்பெட்டியின் தலையில் 10 பெட்டி, ஒன்று பத்தரை கிலோ, மொத்தம் 105 கிலோ. ஆய்வகத்தில் 330 தாங்கும் பெட்டி ரோட்டில் 330 தாங்காது. ஈரம், குலுக்கல், கோணலாக அடுக்குவது எல்லாம் சேர்ந்து அதைத் தின்னும். ஓரிரண்டு நாள் பயணத்துக்கு நான் மூன்றால் வகுப்பேன். மாதக்கணக்கில் கோடவுனில் நிற்கும் சரக்கென்றால் ஐந்தால். 330-ஐ மூன்றால் வகுத்தால் 110. உங்களுக்கு வேண்டியது 105. ஆக, சொன்னபடி செய்த 5 பிளை போதும். 3 பிளை போதாது. படுத்த நெளி, 115 ஜிஎஸ்எம் பெட்டிக்கு இந்தச் சூத்திரத்தையே போட முடியாது.

மூலைமேல் மூலை உட்காரும்படி அடுக்கச் சொல்லுங்கள். செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாது என்று பார்சல்காரர்கள் நினைக்கிறார்கள். சரியாதுதான், ஆனால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் பலவீனமான நடுச்சுவரில் உட்காரும்.

சந்தூர்க்காரன்

சார், பார்சல் பையனிடம் மூலைமேல் மூலை வை என்றால் என்னை மேலும் கீழும் பார்ப்பான். ஆனால் கணக்கு புரிந்தது, நன்றி.

டீலரிடம் போன் செய்தேன். எடையைச் சொன்னதும் முதலில் தராசு தவறு என்றார். ஷீட் கணக்கைச் சொன்னதும் "அடுத்த லாட்டில் பார்த்துக்கலாம் தம்பி" என்கிறார். வேறு இடத்தில் ஆர்டர் போடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள் அக்கா:

38 × 28 × 18 செ.மீ., 5 பிளை. மூன்று லைனரும் 150 ஜிஎஸ்எம் 20 பிஎஃப், இரண்டு நெளியும் 150 ஜிஎஸ்எம் 18 பிஎஃப். வெளியே நேரோ, உள்ளே பிராட். நெளி செங்குத்தாக. காலிப் பெட்டி 550 கிராமுக்குக் குறையக்கூடாது. நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் நடுவில் இரண்டு வட்டத் துளை. ஒட்டு மடலில் பின்.

பர்கூர் அட்டைக்காரி

நன்றாக இருக்கிறது. நான்கு திருத்தம்.

அளவுக்குப் பக்கத்தில் "உள் அளவு" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் வெளி அளவாகச் செய்து தருவார்கள். 5 பிளையில் பக்கத்துக்கு ஆறேழு மி.மீ. போய்விடும், உங்கள் இரண்டாவது வரிசைப் பழம் மூடிக்கு மேலே துருத்தும். அப்படித் துருத்தினால் பாரம் பழத்தில்தான் இறங்கும், 7 பிளை போட்டாலும் காப்பாற்ற முடியாது. பழத்தின் தலைக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருக்கட்டும். நீங்கள் அடைக்கும் இமாம் பசந்த் பெரிய பழமாயிற்றே, அதற்கு 18 உயரம் போதுமா என்று ஒரு பெட்டி அடைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

உள் அளவு என்று ஆனதும் ஷீட் கொஞ்சம் பெரிதாகும், எடையை 570 என்று மாற்றுங்கள்.

பிரிண்ட் பற்றி எழுதவில்லை. தோப்புப் பெயரை ஒரு கலரில் சின்னதாகப் போட்டால் போதும். நான்கு பக்கமும் மை நிரப்பினால் அழுத்தத்தில் நெளி நசுங்கும், அழகுக்குப் பலம் போகும்.

பின்னை ஒட்டு மடலின் மேலிருந்து அடி வரை இரண்டு விரல் இடைவெளியில் அடிக்கச் சொல்லுங்கள், முனை உள்ளே துருத்தாமல் மடங்கியிருக்க வேண்டும். பங்கனப்பள்ளித் தோல் மெல்லிசு, ஒரு கீறல் போதும். முதல் லாட் வந்ததும் கட்டுக்கு ஒன்று வீதம் எடுத்து எடை போடுங்கள், ஒன்றை நனைத்து உரியுங்கள். அவர்கள் கண் முன்னாலேயே செய்தால் இன்னும் நல்லது.

சந்தூர்க்காரன்

சரி அக்கா. உங்கள் யூனிட்டிலேயே செய்து தர முடியுமா? 92 ரீல் இருக்கிறதா?

பர்கூர் அட்டைக்காரி

உள் அளவுக்கு 92 பத்தாது, 95 வேண்டும். சொல்லி வைத்திருக்கிறேன், தனிச்செய்தியில் வாருங்கள். கடன் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.